மூன்றாம் நாள் கறுப்பு

மூஞ்சிக்கல் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே, மாடியில் என் கடை.
புருவம் வரையும் கடைக்கு இப்படி ஓர் இடமா என்று
சிரிக்காமல் யாரும் படியேறியதில்லை.
ஞாயிறு சந்தை முடித்து வந்த குழந்தையம்மாள்
சிரித்தாளா இல்லையா, சொல்ல முடியவில்லை.
அந்த முகத்தில் புருவமே இல்லை.
தைராய்டு என்றாள். வால்பக்கம் தொடங்கி
நாலு வருஷமாய் உதிர்ந்து
மூக்குவரை வந்து நின்றுவிட்டதாம்.

வழக்கம்போல முதலில் பயமுறுத்தினேன்.
பிளேடு என்பார்கள், அது ஊசிகளின் வரிசை.
முடி முடியாகக் கீறி மையை இறக்குவேன்.
மரத்துப்போகக் களிம்பு உண்டு.
ஆனாலும் சத்தம் கேட்கும்,
காகிதம் கிழிவதுபோல, தலைக்குள்ளிருந்து.
சர்க்கரை உண்டா? ரத்தம் இளக மாத்திரை?
சுட்ட தழும்பு எதுவும் தடித்து எழும்பியிருக்கிறதா?
முன்கையைத் திருப்பினாள்.
தட்டையான வெள்ளைக் கோடு. நல்லது.
காதுக்குப் பின்னால் ஒரு சொட்டு மை வைத்தேன்.
ரெண்டு நாளில் அரிக்காவிட்டால்,
டாக்டர் சீட்டோடு வாங்க.

அப்புறம் பத்து நாள் தண்ணீர் படக்கூடாது.
அவள் ஜன்னலைப் பார்த்தாள்.
ஐப்பசி. எதிர்க்கடைப் பெயர்ப்பலகையைக் காணோம்.
கண்ணாடியில் பனி வழிந்துகொண்டிருந்தது.
"இந்த ஊர்லயா?"

போட்ட அன்று சிவப்பு.
மூன்றாம் நாள் என்னைத் திட்டுவீர்கள்,
கரிக்கட்டையால் இழுத்த மாதிரி, கூத்துக்காரன் மாதிரி.
ஏழாம் நாள் பொருக்கு.
பிய்த்தால் மையும் கூட வந்துவிடும்.
பன்னிரண்டாம் நாள் ஒன்றுமே தெரியாது,
காசு போச்சே என்று போன் பண்ணுவீர்கள். பண்ணாதீர்கள்.
மாதம் திரும்பும்போது நிறமும் திரும்பும்.
ஆறாம் வாரம் விட்டுப்போனதை நிரப்புவேன்.
மொத்தம் ஒன்றரை வருஷம். எண்ணெய் முகமென்றால் அதுவும் இல்லை.
தலையெழுத்துக்கு ஒரு விரற்கடை கீழே எழுதுகிறேன்,
அதன் ஆயுசு இதற்குக் கிடையாது.

அவள் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள்.
"மூணாம் நாள்தானே ரொம்பக் கறுப்பு?"
ஆமாம்.
"அப்ப செவ்வாக்கெழம போடுங்க.
வெள்ளிக்கெழம ரிஜிஸ்டர் ஆபீஸ்."

கல்யாணப் பெண்கள் ரெண்டு மாதம் முன்னால் வருவார்கள்,
அந்த மூன்றாம் நாளை வீட்டுக்குள் கழிப்பதற்காக.
அதையே கேட்டு வாங்கியவள் இவள் ஒருத்திதான்.

அண்ணன்மார் ரெண்டு பேர்.
அப்பாவின் பூண்டுக்காடு, மூன்று ஏக்கர்.
விடுதலைப் பத்திரம் டைப் அடித்துத் தயார்.
"முடியாதுன்னு மூணு தடவ சொல்லிட்டேங்க.
இங்க ஒரு கையெழுத்துப் போடு கொழந்தன்னு
பேனாவத் தொறந்து குடுக்கறாங்க.
என் மூஞ்சில முடியாதுங்கறது நிக்க மாட்டேங்குது."

செவ்வாய். நூல் பிடித்து அளந்தேன்.
உள்முனையைச் சற்று இறக்கச் சொன்னாள்,
நெறித்த மாதிரி இருக்கட்டுமாம்.
மாட்டேன் என்றேன்.
ஒன்றரை வருஷம் அந்தக் கோபத்தோடா
சந்தையில் பூண்டு விற்பீர்கள்?
நேராகப் போட்டுத் தருகிறேன்,
நெறிப்பதும் ஏற்றுவதும் உங்கள் பாடு.
யோசித்துவிட்டுக் கண்ணை மூடினாள்.
ஒன்றரை மணி நேரம். இருமல்கூட இல்லை.

வெள்ளிக்கிழமை போன் வரும் என்று இருந்தேன்.
வரவில்லை. நானும் பண்ணவில்லை.

ஆறாம் வாரம் வந்தாள்.
வலது பழுதில்லை. இடது அங்கங்கே விட்டுப்போய்
எலி கடித்த பாய் மாதிரி.
நனைஞ்சீங்களா?
"நாலாம் நாளே நனைஞ்சுட்டேன்.
ராத்திரி நல்ல மழை. என் காட்டுல வாய்க்கா அடச்சுக்கிச்சு,
வெட்டிவிடப் போனேன்."

மை குழைத்தேன்.
இதற்குத் தனிக்காசு, ரெண்டாயிரம்,
அன்றைக்கே சொல்லியிருக்கிறேன், என்றேன்.
"சொன்னீங்க" என்று புருவத்தை ஏற்றினாள்,
அந்த நல்ல பக்கத்தை மட்டும்.

ஆயிரத்தைந்நூறு என்றேன்.